சொல் இல்லை, கணக்கு உண்டு: ஒரு ஜாஸ் வாத்திய ஆல்பத்தைக் கேட்கும் முறை

ஐம்பது ஆண்டை நெருங்கும் ஒரு ஜாஸ் குழு புதிதாக ஒரு வாத்திய ஆல்பம் வெளியிட்டிருக்கிறது என்று கோலாலம்பூரின் ஏதாவது ஒரு மாமாக் கடை மேசையில் சொல்லிப் பாருங்கள். "பாடுறது யாரு அண்ணே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். யாரும் பாடவில்லை என்றதும் தீர்ப்பு இரண்டில் ஒன்றாக வரும். "ஹோட்டல் லாபியில போடுவாங்களே, அதுவா?" என்பது ஒன்று. "அவனவன் இஷ்டத்துக்கு வாசிப்பான், ஒண்ணும் புரியாது" என்பது மற்றொன்று. முதல் தீர்ப்புக்கு இசை ரொம்பச் சாது. இரண்டாவதற்கு ரொம்ப முரடு. இரண்டும் தவறுவது ஒரே இடத்தில்தான். வாசிப்புக்கு அடியில் ஒரு சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, குழுவில் எல்லோரும் அதை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வாசிக்கிறார்கள். அது காதில் விழாதவருக்கு ஜாஸ் சுவர்த்தாளாகவோ சத்தமாகவோதான் கேட்கும்.

அந்தச் சுற்றைப் பிடிக்க மேற்கத்திய இசைப் படிப்பு தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸில் மகளை நாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் அப்பாவுக்கே ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை பழகிப்போயிருக்கும். அந்த எட்டு போதும்.

## பெயரில் உள்ள குழப்பம்

'சமகால ஜாஸ்' என்றால் இன்றைக்கு வாசிக்கப்படும் ஜாஸ் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இசைச் சந்தையில் அது ஒரு பாணியின் பெயர். 1960களின் இறுதியில் ஜாஸ்காரர்கள் மின்கிட்டார், மின்பேஸ், மின்பியானோ ஆகியவற்றைக் கையில் எடுத்து, ராக், ஃபங்க் தாளங்களோடு கலந்தார்கள். இதற்கு ஃபியூஷன் என்று பெயர் வந்தது. அதில் மெட்டுக்கு முதலிடம் தரும் கிளையைத்தான் பிறகு சமகால ஜாஸ் என்று அழைத்தார்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஸ்பைரோ ஜைராவும், 1981-இல் முதல் ஆல்பம் வெளியிட்ட எல்லோஜாக்கெட்ஸும் இந்த வரிசையின் மூத்த குழுக்கள். 'ஸ்மூத் ஜாஸ்' என்பது அமெரிக்க வானொலிகள் பரப்பிய பெயர். முரட்டு மூலைகளையெல்லாம் வழித்தெடுத்த வாசிப்புக்கு அங்கே வரவேற்பு அதிகம். ஹோட்டல் லாபிக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்தச் சரக்குதான்.

நம் ஊருக்கு இது அந்நியமும் அல்ல. பினாங்கின் ஜிம்மி பாயில் (1922–1971) மலாய் மெட்டுகளில் ஜாஸ் இழையை ஓடவிட்டவர். டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 1970களின் இறுதியில் தொடங்கிய ஏசியாபீட், ஆசியத் தாள வாத்தியங்களை இந்த மேடையில் ஏற்றியது. பினாங்குத் தீவு ஜாஸ் விழா 2004-இல் ஆரம்பமானது.

'மூத்த குழு' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லோஜாக்கெட்ஸின் முதல் ஆல்பத்தில் வாசித்தவர்களில் இன்றும் குழுவில் இருப்பவர் கீபோர்டு கலைஞர் ரஸ்ஸல் ஃபெரான்டே ஒருவர்தான். கம்பத்து வீட்டில் ஒவ்வொரு கட்டையாக மாற்றிக்கொண்டே வந்தாலும் அது தாத்தா வீடாகவே இருப்பதைப் போன்றது இது. ஆட்கள் மாறிய பிறகும் குழுவில் தங்குவது மெட்டுக் கட்டும் முறை, எந்த வாத்தியத்தோடு எதைச் சேர்ப்பது, எங்கே இடம் விடுவது போன்ற பழக்கங்கள்தான். புதிய ஆல்பத்தில் தேட வேண்டியதும் இவற்றைத்தான். பழைய ஆட்களை அல்ல.

இதுவரை: சமகால ஜாஸ் ஒரு பாணி. அது மின்வாத்தியங்களும் ஃபங்க் தாளமும் கலந்தது. உள்ளே இருக்கும் கட்டுமானம் பழைய ஜாஸினுடையது.

## புள்ளியும் கோடும்

சிக்குக் கோலம் போடுபவர் முதலில் புள்ளி வைக்கிறார். பிறகு கோடு அந்தப் புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகிறது. ஒரே புள்ளி வரிசையில் பத்து பேர் பத்து விதமாகக் கோலம் போடலாம். புள்ளியை அழித்துவிட்டுக் கோட்டை மட்டும் பார்த்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

ஜாஸில் புள்ளிகளுக்குப் பெயர் கோர்ட்: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டு. ஜாஸில் பெரும்பாலும் நான்கு சுரங்கள் இருக்கும். கோடு என்பது சோலோ, அதாவது ஒரு கலைஞர் அந்த நேரத்தில் கற்பனை செய்து வாசிக்கும் பகுதி. புள்ளிகளின் வரிசை முன்பே முடிவானது. கோடு மட்டும்தான் புதிது.

ஜாஸில் மிக அதிகமாக வரும் மூன்று புள்ளிகளைச் சுரத்திலேயே சொல்லிவிடலாம். முதலாவது ரி-ம-த-ச. இரண்டாவது ப-நி-ரி-ம. மூன்றாவது ச-க-ப-நி. எல்லாமே சங்கராபரணத்துச் சுரங்கள். ஒரு கீபோர்டில் ஸ்ருதியை வெள்ளைக்கட்டை ஒன்றில் (மேற்கத்திய C) வைத்து, இவற்றை வரிசையாக அழுத்திப் பாருங்கள். முதல் கூட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ச ஒரு அரைச்சுரம் இறங்கி நி ஆகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ம ஒரு அரைச்சுரம் இறங்கி க ஆகிறது. மற்ற சுரங்கள் மாறினாலும் காது இந்த இரண்டு இறக்கங்களைத்தான் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற உணர்வு அங்கிருந்து வருகிறது.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது தடுக்குவது இங்கேதான். கச்சேரியில் தம்பூராவின் ச-ப கடைசிவரை மாறாது. மத்திமத்துக்கு அந்த ராகத்தில் ஒரு நிலையான இடம் உண்டு. ஜாஸில் அடித்தளமே நகர்கிறது. ரி-ம-த-ச ஒலிக்கும்போது மத்திமத்தை நீட்டினால் சுகமாக இருக்கும். அடுத்த நான்கு விநாடியில் ச-க-ப-நி வந்த பிறகும் அதே மத்திமத்தில் உட்கார்ந்திருந்தால், அதற்குக் கீழே அரைச்சுர தூரத்தில் இருக்கும் காந்தாரத்தோடு உரசும். சுரம் மாறவில்லை, அதன் அடியிலிருந்த புள்ளி மாறிவிட்டது. சோலோ வாசிப்பவர் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏற்பத் தன் சுரங்களைத் திருத்திக்கொண்டே ஓடுகிறார். புள்ளி கேட்காதவருக்கு அந்த ஓட்டம் 'இஷ்டத்துக்கு' போவதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

## சுற்றை எண்ணுவது

புள்ளி வரிசை முழுவதும் ஒருமுறை முடிந்தால் அது ஒரு சுற்று. ஜாஸ்காரர்கள் இதைக் கோரஸ் என்பார்கள். சினிமாப் பாட்டில் கூட்டமாகப் பாடும் கோரஸோடு இதற்குச் சம்பந்தமில்லை. சுற்றின் நீளத்தைப் பாரில் சொல்வார்கள். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பெட்டிதான் ஒரு பார். ஆக, ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனத்தில் இரண்டு பார் அடங்கிவிடும்.

அதிகம் வரும் சுற்றுகள் இரண்டு. ஒன்று 12 பார் புளூஸ், அதாவது 48 எண்ணிக்கை, ஆறு ஆவர்த்தனம். அதன் புள்ளிகளை எளிய வடிவில் இப்படிச் சொல்லலாம்: ச-வை அடியாகக் கொண்ட கோர்ட் நான்கு பார், ம இரண்டு, ச இரண்டு, ப ஒன்று, ம ஒன்று, மீண்டும் ச இரண்டு. மற்றொன்று 32 பார், 128 எண்ணிக்கை, 16 ஆவர்த்தனம். இது பெரும்பாலும் எட்டு எட்டு பாராக நான்கு துண்டாகப் பிரியும்: அ, அ, ஆ, அ. முதல் மெட்டு இரண்டு முறை, வேறொரு மெட்டு ஒருமுறை, பழைய மெட்டு மறுபடியும். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில் புளூஸ் சுற்று 24 விநாடியிலும் 32 பார் சுற்று 64 விநாடியிலும் முடியும்.

பாட்டின் முழு அமைப்பும் இதன்மேல்தான் நிற்கிறது. முதல் சுற்றில், சில நேரம் முதல் இரண்டு சுற்றில், எழுதிவைத்த மெட்டை வாசிப்பார்கள். இது ஹெட். பிறகு சாக்ஸபோன் சில சுற்று, கிட்டார் சில சுற்று, கீபோர்டு சில சுற்று என்று சோலோக்கள் வரும். கடைசியில் ஹெட் மறுபடி வந்து பாட்டு முடியும். பல்லவியைப் பாடி, நிரவலும் கற்பனைச் சுரமும் முடித்துப் பல்லவிக்கே திரும்பும் ஒழுங்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கணக்கு நழுவினால் பதற வேண்டாம், எல்லோருக்கும் நழுவும். வேகம் 200-க்கு மேல் போனால் இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு என்று பாதியாக்கிக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால் டிரம்ஸைக் கவனியுங்கள். எட்டு பார் முடியும் இடத்தில் டிரம்ஸ் ஒரு சின்ன உருட்டு உருட்டி, அடுத்த 'ஒன்று'க்குச் சிம்பலை அடிக்கும் வழக்கம் உண்டு. விட்ட கணக்கை அங்கே மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.

இதுவரை: கோர்ட் புள்ளி, சோலோ கோடு. புள்ளி வரிசை ஒருமுறை முடிந்தால் ஒரு சுற்று. பாட்டு என்பது ஒரே சுற்று பலமுறை ஓடுவது.

## பழகிப் பார்க்க ஒரு பதிவு

புதிய ஆல்பத்துக்குப் போகுமுன் ஒரு பழைய பதிவில் பயிற்சி செய்வது நல்லது. மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தின் முதல் பாட்டு, 'சோ வாட்'. 32 பார், அ-அ-ஆ-அ. நம் மொழியில் சொன்னால்: கரகரப்பிரியா 16 பார், அடுத்து ஸ்ருதியே அரைச்சுரம் மேலேறி அதே கரகரப்பிரியா 8 பார், பிறகு பழைய ஸ்ருதிக்கு இறங்கி 8 பார். 32 பாரில் புள்ளி இரண்டே இரண்டுதான். அதனால்தான் ஆரம்பக்காரருக்கு இது தோதானது.

தாளம் நிலைக்காத ஒரு முன்னுரைக்குப் பிறகு பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் தந்தி வாத்தியம்) மெட்டைத் தொடங்கும். அங்கிருந்து எண்ணுங்கள். நான்காவது ஆவர்த்தனம் முடிந்தால் இரண்டாவது அ, எட்டு முடிந்ததும் ஸ்ருதி மேலே ஏறுவது பளிச்சென்று கேட்கும், பன்னிரண்டு முடிந்ததும் இறங்கும். சோலோக்களில் டிரம்பெட்டில் டேவிஸ் இரண்டு சுற்று, சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. சுற்று ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஸ்ருதி ஏற்றத்தை ஒவ்வொரு சோலோவிலும் தவறாமல் பிடிக்க முடிந்தால் கடினமான பாதி முடிந்துவிட்டது.

## 'ஆமா' போடுகிறவர்கள்

வில்லுப்பாட்டில் கதை சொல்பவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். அந்த 'ஆமா' தப்பான இடத்தில் விழுந்தால் கதையே தடுமாறும். 'சோ வாட்' ஹெட்டில் பேஸ் கேட்க மற்றவர்கள் இரண்டு கோர்ட்டில் பதில் சொல்வது அசல் வில்லுப்பாட்டு.

சோலோவின்போது இந்த வேலைக்குப் பெயர் காம்பிங்: கீபோர்டோ கிட்டாரோ கோர்ட்டுகளை அவ்வப்போது, சோலோக்காரர் மூச்சுவிடும் இடைவெளியில் இடுவது. எந்தக் கோர்ட் என்பது சுற்றில் முடிவானது. எப்போது, எவ்வளவு அடர்த்தியாக என்பது அந்த நிமிடத்து முடிவு. மூத்த குழுவையும் புதிய குழுவையும் பிரித்துக் காட்டுவது எனக்குத் தெரிந்து இதுதான். புதியவர்கள் எல்லா இடத்தையும் நிரப்புவார்கள். முப்பது வருஷம் ஒன்றாக வாசித்தவர்கள் தைரியமாகச் சும்மா இருப்பார்கள்.

டிரம்ஸுக்கும் சோலோக்காரருக்கும் நான்கு நான்கு பாராக மாறி மாறி உரையாடல் நடப்பதும் உண்டு. இதற்கு 'டிரேடிங் ஃபோர்ஸ்' என்று பெயர். மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனத்தில் பரிமாறிக்கொள்வதைப் போன்றதுதான், ஆனால் அங்கே துண்டுகள் வரவரக் குறுகும், இங்கே பெரும்பாலும் நான்காகவே நிற்கும். 12 பார் புளூஸில் இதில் ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு சுற்றில் மூன்று நான்குகள்தான் இருப்பதால், முதல் சுற்றைச் சாக்ஸபோன் தொடங்கினால் அடுத்த சுற்றை டிரம்ஸ் தொடங்க நேரும்.

## சமகால ஆல்பத்தில் மாறுவது

பழைய ஜாஸின் நடைக்கு சுவிங் என்று பெயர். "தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டே நடுவில் உள்ள 'கி'யை விழுங்குங்கள்: த-ட, த-ட. நெட்டை, குட்டை. மிதமான வேகத்தில் சுவிங் ஏறக்குறைய இதுதான். வேகம் கூடக்கூட நெட்டையும் குட்டையும் சமமாகிவிடும். சமகாலக் குழுக்கள் அதிகம் வாசிப்பது "தகதிமி" போன்ற சமமான பிரிவுகளை, ஃபங்க் அழுத்தத்தோடு. கைதட்டுவதாக இருந்தால் இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள். ஒன்றில் தட்டிப் பழகிய நம் கைக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் குழுவைப் பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும்.

சோலோ எப்போதும் முழுச் சுற்றின்மேல் நடக்காது என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. இரண்டு அல்லது நான்கு பார் மட்டும் திரும்பத் திரும்ப வரும் துண்டின்மேலும் நடக்கலாம். இது வேம்ப். தைப்பூசத்து உருமி மேளம் ஒரே அடியைப் பிடித்துக்கொண்டு ஆட்டக்காரர் உச்சிக்குப் போகும்வரை ஓட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வேம்பில் சுற்றை எண்ணத் தேவையில்லை, கவனிக்க வேண்டியது ஏற்றத்தைத்தான். சாக்ஸபோன் தாழ்ந்த சுரங்களில் தொடங்கி எங்கே போய் நிற்கிறது, டிரம்ஸ் எப்போது அடர்த்தியாகிறது என்று பாருங்கள்.

ஏற்றத்தின் உச்சியில் சாக்ஸபோன், கிட்டார், கீபோர்டு மூன்றும் ஒரே வேகமான ஓட்டத்தைச் சேர்ந்து வாசிப்பது இந்தப் பாணியின் முத்திரை. அதைக் கேட்டு "எப்படி மூணு பேருக்கும் ஒரே கற்பனை வந்தது" என்று வியப்பவர்கள் உண்டு. வரவில்லை. அது முழுக்க எழுதி, பயிற்சி செய்தது. கச்சேரியின் கோர்வை மாதிரி. இரண்டு வாத்தியங்கள் ஒரே வரியை ஒரே நேரத்தில் வாசித்தால் அது எழுதப்பட்டது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

ஐந்து எண்ணிக்கையோ ஏழு எண்ணிக்கையோ கொண்ட பாட்டு ஒன்றிரண்டும் வரக்கூடும். மற்றவர்கள் மிரளும் இடத்தில் கண்ட சாபும் மிஸ்ர சாபும் தெரிந்தவர்களுக்கு வேலை குறைவு. ஒரே எச்சரிக்கை: கண்ட சாபு 2+3, ஜாஸில் ஐந்து பல நேரம் 3+2 ஆகப் பிரியும். டேவ் புரூபெக் குழுவின் 1959-ஆம் ஆண்டு 'டேக் ஃபைவ்' அப்படித்தான்.

இங்கே யாராவது சக்தி குழுவைக் குறிப்பிடுவார்கள். ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோர் 1970களில் வாசித்த குழு அது. 2023-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு அடுத்த ஆண்டு கிராமி கிடைத்தது. நம் காதுக்கு அருமையான வாசல். ஆனால் அந்த 2023 ஆல்பத்தில் சங்கர் மகாதேவன் பாடுகிறார், குழுவின் அடித்தளமும் ராகமும் தாளமும்தான். கோர்ட் சுற்றைப் பழக அது உதவாது.

## கேட்கும்போது என்ன கெடுகிறது

ஒவ்வொரு கோர்ட்டின் அடிச்சுரத்தையும் பெரும்பாலும் தாங்குவது பேஸ். நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். சமகாலக் குழுக்களில் சகஜமான ஐந்து தந்தி பேஸில் அது 31 வரை இறங்கும். கைபேசியின் ஒலிபெருக்கியால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒலிக்க முடியாது. அதில் கேட்டால் புள்ளிகள் அழிந்து கோடு மட்டும் மிஞ்சும். ஒலியை மிகவும் குறைத்தாலும் இதே கதிதான். சன்னமான ஒலியில் மனிதக் காது முதலில் இழப்பது தாழ்ந்த சுரங்களை. ஹோட்டல் லாபியில் ஜாஸ் வெறும் அலங்காரமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். விலை குறைந்த ஹெட்போன்கூடக் கைபேசி ஒலிபெருக்கியைவிட நூறு மடங்கு மேல். எல்ஆர்டி இரைச்சலில் மட்டும் வேண்டாம், ரயிலின் உறுமலும் பேஸும் ஒரே பகுதியில் மோதும்.

செயலியில் பாட்டுகளைக் கலைத்துப்போடும் வசதியையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கரைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கரைக்கும் வசதி எட்டு பத்து விநாடியை விழுங்கும்போது, ஹெட்டுக்குப் பின் வரும் முடிவுரையே காணாமல் போகலாம்.

முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் புரிந்துகொள்ள முயல வேண்டாம். ஒரு பாட்டை எடுத்து மூன்று முறை கேளுங்கள். முதல்முறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து சுற்று எத்தனை ஆவர்த்தனம் என்று கண்டுபிடியுங்கள். இரண்டாவது முறை ஹெட்டின் மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே சோலோ முழுவதும் ஓட்டுங்கள். மெட்டும் சோலோவும் ஒரே இடத்தில் திரும்புவது தெரியவரும். மூன்றாவது முறை 'ஆமா' போடுபவரைக் கவனியுங்கள்.

பிறகு நேரில் கேட்கலாம். கோலாலம்பூரின் ஜாலான் மெசுயில் 1998 முதல் இயங்கும் நோ பிளாக் டை போன்ற சிறிய அரங்குகளில் மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே ஒவ்வொரு சோலோ முடிந்ததும் கைதட்டுவது மரபு, பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எப்போது முடிகிறது என்று சுற்றை எண்ணுபவருக்கு ஓரிரு பார் முன்னதாகவே தெரிந்துவிடும். பேஸ் சோலோ வரும்போது மற்ற வாத்தியங்கள் அடங்கிவிடும், அக்கம்பக்கத்து மேசைகளில் பேச்சு தொடங்கும், கோப்பைகள் உரசும். சுற்று அப்போதும் நிற்பதில்லை. மேசைக்கடியில் விரலை எண்ணிக்கொண்டிருங்கள். டிரம்ஸ் எந்த எண்ணிக்கையில் திரும்ப உள்ளே வருகிறது என்று பார்த்துவிடலாம்.